விரல்கள் மடங்காத காலைகள்: முடக்குவாதத்தோடு வாழப் பழகிய அனுபவம்

எனக்கு முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய், இருப்பது 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உறுதியானது. அப்போது எனக்கு வயது 43. செங்காங்கில் நான்கறை வீடு, விமான நிலையத்தில் ஷிஃப்டு முறையில் வேலை பார்க்கும் கணவர், உயர்நிலை ஒன்றில் மகள், தொடக்கநிலை நான்கில் மகன், எங்களோடு வசிக்கும் மாமியார், பாலர் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை என்று சிங்கப்பூரின் பல தமிழ்க் குடும்பங்களைப் போலவே எங்கள் வீடும் ஓடிக்கொண்டிருந்தது. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பும் பின்பும் எனக்குத் தேவைப்பட்ட தகவல்கள் எல்லாம் எங்கேயோ இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தாமதித்தே என்னிடம் வந்து சேர்ந்தன. அந்தத் தாமதத்தில் பணம் போனது. வலக்கை நடுவிரல் மூட்டின் எலும்பு சற்று அரித்தும் போனது. பணத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாம், எலும்பு அப்படி வராது. மருத்துவப் படிப்பு எனக்கு இல்லை. இந்த நோயோடு புதிதாக வீடு திரும்பும் ஒருவருக்கு எது எப்போது தேவைப்படுமோ, அந்த வரிசையில் நான் பட்டதை எழுதுகிறேன்.

வலிக்கு முன்பாகவே இறுக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்தவுடன் விரல்களை முழுதாக மடக்க இயலாது. பால் பொட்டலத்தைக் கத்தரிக்கோல் இன்றித் திறக்க முடியவில்லை. வாசல் கதவுக்கு வெளியே இருக்கும் இரும்புக் கதவின் பூட்டில் சாவியைத் திருப்ப இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. ஈரத்துணி போட்ட மூங்கில் கம்பைச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக் குழாயில் செருகுவது எப்படிப்பட்ட வேலை என்பது அடுக்குமாடியில் வாழும் பெண்களுக்குத் தெரியும். ஒருநாள் கம்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது, ஏழாம் மாடியில். நல்ல வேளையாகக் கணவர் அருகில் இருந்தார். காலை பத்து மணிக்கு மேல் கை இளகிவிடும் என்பதால் பள்ளியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, எனக்கே சில நேரம் சந்தேகம் வந்தது. நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். வயதாகித் தேயும் மூட்டு வலி பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதத்தில் இது தலைகீழ்: ஓய்வுக்குப் பிறகுதான் இறுக்கம் அதிகம், அதுவும் காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரியான மூட்டுகள் வீங்கும், கூடவே காரணம் தெரியாத களைப்பு இருக்கும். இந்த நான்கும் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால், வயதின் மேல் பழியைப் போடாமல் இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை எனக்கு முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்தது, அதுவே தொல்லையும் ஆயிற்று. மாத்திரை போட்டால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், நிறுத்தினால் வீக்கம் திரும்பும், மீண்டும் மாத்திரை. கை வலி என்றால் எலும்பு மருத்துவர் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஓர் எண்ணம். எனவே உறவினர் ஒருவர் பரிந்துரைத்த தனியார் எலும்பு நிபுணரிடம் போனேன். எக்ஸ்ரே, ஸ்கேன், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கும் சோதனை எல்லாம் செய்து, கணினியில் அதிகம் தட்டச்சுச் செய்வதால் வந்தது என்று மணிக்கட்டுப் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதற்குப் பிறகு எண்ணெய்த் தேய்ப்பு, மூட்டுக்கான சத்து மாத்திரைகள், சீன வைத்தியரின் மூலிகைக் கட்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூவாயிரம் வெள்ளி செலவாகியிருந்தது. மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எதற்கு எடுக்கலாம் என்பதோ, எதற்கு எடுக்க முடியாது என்பதோ அப்போது எனக்குத் தெரியாததால் பெரும்பகுதி ரொக்கம்தான். மூட்டு வீங்கினால் பார்க்க வேண்டியது எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரை அல்ல, ருமாட்டாலஜி என்ற பிரிவில் இருக்கும் மருத்துவரை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. அப்படியொரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திருப்பம் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவ நிலையமான பலதுறை மருந்தகத்தில் வந்தது. மாமியாரின் இரத்த அழுத்தப் பரிசோதனைக்காக உடன் சென்றிருந்தபோது, எனக்கும் ஒரு முன்பதிவு எடுத்துக்கொண்டேன். இளம் மருத்துவர் ஒருவர் என் கையைக் குலுக்குவதைப் போலப் பிடித்து விரல்களின் அடி மூட்டுகளை இலேசாக அழுத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காலையில் கை இளக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, இந்நோயோடு தொடர்புடைய ருமட்டாய்டு காரணி, ஆன்டி சிசிபி ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்தார்கள். என் இரத்தத்தில் கடைசி இரண்டும் உயர்ந்திருந்தன. அவை இல்லாமலே இந்நோய் இருப்பவர்களும் உண்டு என்பதால், இரத்த அறிக்கை சரியாக இருக்கிறது என்று சொல்லி வீங்கிய மூட்டோடு யாரேனும் உங்களை அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இங்கே பணம் பற்றிய மிக முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைக்குத்தான் போகிறோம் என்பதால் மட்டும் மானியக் கட்டணம் கிடைத்துவிடாது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால்தான் மானிய நோயாளியாகப் பதிவு செய்வார்கள்; சாஸ் என்ற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர்கள் சாஸ் திட்டத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரின் கடிதத்தோடும் போகலாம். நேரடியாகவோ தனியார் நிபுணரின் கடிதத்தோடோ போனால் அதே கட்டடத்தில், அதே மருத்துவரிடம்கூடத் தனியார் கட்டணம்தான். பிறகு மானியப் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால் விளக்கங்களும் காத்திருப்பும் இருக்கும். குடிமக்களுக்கு நிபுணத்துவ வெளிநோயாளி மானியம், குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்து வரும் தொகையைப் பொறுத்து 30 முதல் 70 விழுக்காடு வரை. ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டிய ஒரு நோயில் இந்த முதல் வாசல் எது என்பது சிறிய விஷயம் இல்லை. மானிய நோயாளிக்குக் குறிப்பிட்ட மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை, முதல் சந்திப்புக்குக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கடிதத்தில் எந்தெந்த மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, இறுக்கம் எவ்வளவு நேரம், இரத்த முடிவுகள் என்ன என்பவை தெளிவாக இருந்தால் அவசரத்தின் அளவை அவர்களால் கணிக்க முடியும். எழுதும் மருத்துவரிடம் இவற்றைச் சேர்க்கும்படி பணிவாகக் கேட்கலாம், அதில் தவறில்லை.

நிபுணர் நோயின் பெயரைச் சொன்ன நாளில் நான் அழவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. இத்தனை மாதம் நான் கற்பனை செய்யவில்லை, சோம்பேறி ஆகவில்லை என்பதற்கு ஒரு சான்று கிடைத்ததைப் போல் இருந்தது. அழுகை ஒரு வாரம் கழித்து, சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டைப் பார்க்கப் பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தபோது வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைப் பகைவனாக நினைத்துத் தாக்குகிறது, இதை முற்றிலும் அகற்ற முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும் என்று மருத்துவர் சொன்னதில் ‘முடியாது’ என்ற சொல் அப்போதுதான் உள்ளே இறங்கியது. கணவர் என்ன சொல்வதென்று தெரியாமல் பை முழுவதையும் தானே வாங்கித் தூக்கிக்கொண்டார். மாமியார், “குளுந்த தண்ணியில கைய வெக்காதம்மா, வெக்காதம்மான்னு எத்தன தடவ சொன்னேன்,” என்றார். அவர் சொன்னது அன்பினால்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சினம்தான் வந்தது. இந்த நோய் தண்ணீரில் கைவைத்ததால் வருவதில்லை. நோயாளி எதையோ செய்ததால் வந்தது என்று வீட்டில் தேடத் தொடங்கினால் அந்தத் தேடலுக்கு முடிவே இருக்காது. அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு மாமியாரையும் அழைத்துச் சென்று, தமிழ் பேசும் தாதியிடம் அவரையே கேள்வி கேட்க விட்டேன். நான் பத்து முறை சொல்லியும் நடக்காதது அங்கே பத்து நிமிடத்தில் நடந்தது.

மருந்து பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்நோய்க்கு முதன்மையாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். நான்கு மாத்திரை என்றால் அந்த ஒரு நாளில் நான்கு. தவறுதலாக நாள்தோறும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மாமியார்தான் எல்லாருடைய மருந்துக்கும் பொறுப்பு. தம்முடைய இரத்த அழுத்த மாத்திரைகளை ஏழு நாள் பெட்டியில் அடுக்குவதைப் போலவே, எனக்கு உதவுவதாக நினைத்து என் மாத்திரைகளையும் ஒரு புதிய பெட்டியில் திங்கள் முதல் ஞாயிறு வரை அழகாக அடுக்கி வைத்திருந்தார். மருந்துப் பையில் இருந்த சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது, அவர் தமிழ் மட்டுமே படிப்பார். பார்த்தவுடன் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே மகள் தடித்த பேனாவால் ‘சனிக்கிழமை மட்டும்’ என்று தமிழில் எழுதி ஒட்டினாள். அந்த மாத்திரைகள் இன்று வரை மற்ற மருந்துகளோடு சேராமல் தனி டப்பாவில், தனி அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்களோ பணிப்பெண்ணோ மருந்து எடுத்துக்கொடுப்பவர்களாக இருந்தால், அவர்கள் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் மருந்தை அலமாரியில் வைக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மறுநாள் குமட்டலும் மந்தமும் வரக்கூடும். மகள் சீட்டு ஒட்டுவதற்கு முன்பு வெள்ளிக்கிழமை இரவு என்றுதான் தொடங்கியிருந்தேன், சனிக்கிழமை காலை மகனுக்குத் துணைப்பாட வகுப்பு, சந்தை, கோயில் என்று எல்லாம் இருந்ததால் தாங்கவில்லை. சனிக்கிழமை இரவுக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலைக் கணவர் எடுத்துக்கொண்டார். அதாவது தேக்காவிலிருந்து பரோட்டா வாங்கிவரும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள், அதை எந்த நாளில் எடுப்பது என்பதை மருந்தாளரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பார்க்கத் தொடக்கத்தில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. மதுவைத் தவிர்க்க வேண்டும். கருத்தரிக்க எண்ணம் உள்ளவர்கள் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இது கருவைப் பாதிக்கும். எனக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் காத்திருப்பு அறையில் என்னைவிட மிக இளைய பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் கண் பரிசோதனையும் சேர்ந்து வரும்.

இந்த மருந்து முழுப் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும் என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் விட்டுப்போனது. இடைக்காலத்துக்குச் சிறிய அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அது இரண்டே நாளில் என்னைப் பழைய ஆளாக்கியது, கூடவே அடங்காத பசியையும் தூக்கமில்லாத இரவுகளையும் கொடுத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அலமாரிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். காலையில் உணவுக்குப் பிறகு எடுத்தால் தூக்கம் ஓரளவு தப்பும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்த மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். நன்றாக இருக்கிறது என்று நாமாகவே திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதே காலத்தில் உறவினர்களின் வைத்தியமும் நடந்தது. தேக்கா ஈரச்சந்தையில் முடக்கத்தான் கீரை வாங்கி மாமியார் தோசை வார்த்துக் கொடுத்தார். மருத்துவரிடம் கேட்டேன், உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை, மருந்தை மட்டும் விடாதீர்கள் என்றார். இன்றும் சாப்பிடுகிறோம், சுவையாகவே இருக்கிறது. ஆனால் கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இருந்து நெருங்கிய உறவினர் ஒருவர் பெயர் தெரியாத மூலிகை உறைமாத்திரைகளைக் கொண்டுவந்தார். அவருடைய முழங்கால் வலி ஒரே நாளில் போய்விட்டதாம். மருத்துவமனை மருந்தாளரிடம் அந்தப் பொட்டலத்தைக் காட்டினேன். மூலிகை ஒரே நாளில் மூட்டு வீக்கத்தை வற்றவைத்தால் அதில் சொல்லப்படாத வேறேதோ கலந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். சுகாதார அறிவியல் ஆணையம் மூட்டு வலிக்கென்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற வலுவான ஸ்டீராய்டுகள் இருந்ததாகப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் அதை எடுத்தால் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், திடீரென நிறுத்தினால் உடல் நிலைகுலையும். உறவினரிடம் இதைச் சொன்னபோது அவர் மனம் வருந்தினார், சில மாதம் பேசவும் இல்லை. அது பரவாயில்லை. அவரும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், தாமாகத் திடீரென்று நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பார்க்கும்படி அவருடைய மகனிடம் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்குள் நடந்த மாற்றம்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இந்த நோய் வெளியே தெரியாது. மாலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நிற்பாள் என்பதைப் பார்க்காதவர்களுக்கு நம்புவது கடினம். ஒரே ஆளுக்கு நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்பது வீட்டாருக்கு நடிப்பைப் போலவும் தோன்றக்கூடும். தொடக்கத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன், பிறகு தாங்காமல் ஓர் இரவில் தட்டு ஒன்று கழுவப்படாததற்காக எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். “ஒத்தாசை வேணும்னா சொல்லேன், எனக்கு எப்படித் தெரியும்?” என்று கணவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ‘எனக்கு முடியவில்லை’ என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை. ‘இன்று கை மடங்கவில்லை’ என்பது உணர்த்தியது. அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். அதைச் சொன்ன நாளில் மகள் தண்ணீர்ப் புட்டிகளைத் திறந்து நிரப்புவாள், மகன் துணி எடுத்துவருவான், காலை உணவு ரொட்டி, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மூங்கில் கம்புகளுக்கு விடைகொடுத்துவிட்டு, மடித்து வைக்கும் துணிக்கொடி ஒன்றைக் கூடத்தில் வைத்தோம். மாவரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்குவது கணவரின் வேலையாயிற்று. அவர் இரவு ஷிஃப்டில் இருக்கும் வாரத்தில் கடை மாவுதான், அதைப் பற்றி மாமியார் முதலில் முணுமுணுத்தார், இப்போது எந்தக் கடை மாவு நன்றாகப் புளிக்கும் என்பதில் அவரே வல்லுநர்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்று தயங்கினேன். மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அம்மா, நீங்க செத்துடுவீங்களா?” இல்லை, இது கையையும் காலையும் தொல்லைப்படுத்தும் நோய், மருந்து இருக்கிறது என்றதும் விளையாடப் போய்விட்டான். மகள் பல நாள் கழித்து, தனக்கும் வருமா என்று கேட்டாள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மறைத்திருந்தால் அவள் இணையத்தில் தேடி, விரல்கள் கோணிய பழைய படங்களைப் பார்த்துப் பயந்திருப்பாள். அந்தப் படங்கள் பெரும்பாலும் இன்றைய மருந்துகள் வருவதற்கு முற்பட்ட நோயாளிகளுடையவை. நானும் அவற்றைப் பார்த்துத்தான் இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்தேன்.

வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரின் சூழலைப் பொறுத்தது. எனக்குச் சொல்லாமல் இருக்க வழியில்லை, ஏனென்றால் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது, பாலர் பள்ளியிலோ கை கால் வாய்ப்புண் நோயும் சளிக்காய்ச்சலும் வந்துகொண்டே இருக்கும். தலைமையாசிரியரிடம் நோயின் வரலாற்றைச் சொல்லாமல், எனக்கு என்ன மாற்றம் தேவை என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: காலை முதல் முறைக்குப் பதில் சற்றுத் தாமதமாகத் தொடங்கும் முறை, குழந்தைகளைத் தூக்கும் வேலையிலிருந்து விலக்கு, தொற்று பரவும் காலத்தில் வேறு வகுப்பு. மூன்றில் இரண்டு கிடைத்தது. வேலைச் சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள் ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. ஆனால் மருத்துவச் சந்திப்புகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்தால் அது வேகமாகக் கரையும். எனவே இரத்தப் பரிசோதனையையும் சந்திப்பையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மருந்தை மட்டும் வாங்க வேண்டிய நாள்களில் வீட்டுக்கே அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இந்த மருந்தோடு பொதுவாகத் தவிர்ப்பார்கள் என்பதால் எந்தத் தடுப்பூசிக்கு முன்பும் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையை எடுப்பதா நிறுத்துவதா, யாரை அழைப்பது என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் சனிக்கிழமை இரவில்தான் வரும்.

மெடிசேவ் பற்றிச் சொல்கிறேன். முடக்குவாதம் 2015ஆம் ஆண்டில் நாட்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நான் சிகிச்சையைத் தொடங்கியபோது ஆண்டுக்கு 500 வெள்ளி வரையும், நிலைமை சிக்கலானது என்று வகைப்படுத்தப்பட்டால் 700 வெள்ளி வரையும் எடுக்கலாம், ஒவ்வொரு கட்டணத்திலும் 15 விழுக்காட்டை ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்று இருந்தது. வரம்பு மாறக்கூடும் என்பதால் கட்டணம் செலுத்தும் இடத்தில் கேட்டுவிடுங்கள். கணவன் அல்லது மனைவியின் மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். எங்கள் வீட்டில் ஆண்டின் பிற்பாதி அவருடைய கணக்கில்தான் போகிறது. கட்டணம் கட்டும் போதெல்லாம் மெடிசேவ் படிவத்தில் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோமா என்பதை நாம்தான் கேட்க வேண்டியிருந்தது.

காப்புறுதிதான் என்னை அதிகம் வருத்தியது. அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் ஏற்கெனவே இருக்கும் நோய்களோடும் சேர்த்துக் காப்பது. ஆனால் அதற்கு மேல் தனியார் நிறுவனங்கள் தரும் கூடுதல் திட்டங்கள் அப்படி இல்லை. நோய் பதிவான பிறகு உயர்ந்த திட்டத்துக்கு மாற விண்ணப்பித்தபோது, முடக்குவாதமும் அதன் விளைவுகளும் நீங்கலாகத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. கைவலி தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பு முகவர் வீட்டுக்கு வந்து பேசிய அதே திட்டம் அது. நோயை மறைத்து விண்ணப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னாளில் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து மொத்தக் காப்புறுதியும் இரத்தாகும் நிலை வரும் என்பதால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பழைய திட்டத்தைச் சந்தா அதிகம் என்று கோபத்தில் கைவிடவும் வேண்டாம். நலமாக இருக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த உயர்ந்த திட்டத்தை அதே வாரத்தில் எடுத்துவிட்டோம்.

கைக்கான சிகிச்சையை நான் கேட்டு வாங்கினேன், அவர்களாக அனுப்பவில்லை. ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் ஒருவர் ஒரு மணி நேரம் செலவிட்டு, கைப்பிடி தடித்த கத்தி, புட்டி மூடியைத் திறக்கும் ரப்பர், பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டுவது, கனமான சட்டியை இரு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்குவது என்று காட்டிக்கொடுத்தார். செலவு மிகக் குறைவு, பயன் அதிகம். முதல் சந்திப்பிலேயே இதற்குப் பரிந்துரை கேளுங்கள். சந்திப்புக்குப் போகும்போது, வீக்கம் உச்சத்தில் இருந்த காலையில் எடுத்த கைப்படங்களைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள், ஏனென்றால் பிற்பகல் இரண்டு மணிச் சந்திப்பில் உங்கள் கை நலமாக இருப்பதைப் போலவே காட்சியளிக்கும். வலியை மட்டும் சொல்லாமல், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். முறுக்கு அச்சை அழுத்த முடியவில்லை என்று நான் சொன்னதை மருத்துவர் அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டார், மருந்தின் அளவையும் அன்றுதான் கூட்டினார்.

இப்போது பெரும்பாலான காலைகளில் கால் மணி நேரத்தில் விரல்கள் மடங்கிவிடுகின்றன. அரித்த மூட்டு அப்படியே இருக்கிறது, மழைக்கால வாரங்களில் நினைவூட்டும். இரத்த முடிவுகள் இப்படியே நிலைத்தால் வாராந்தர அளவில் ஒரு மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சென்ற சந்திப்பில் மருத்துவர் சொன்னார். குறைக்கும்போது சிலருக்கு நோய் திரும்பக் கிளம்பும் என்பதால், மகளின் சாதாரணநிலைத் தேர்வும் தீபாவளிப் பலகார வேலையும் முடிந்த பிறகு தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, டிசம்பரில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.